அடக்கம்: சிறுநீரின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

1

தமிழில் 'அடக்கம்' என்ற சொல்லுக்கு மூன்று வேலைகள். ஒன்று அறம். திருக்குறளின் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. இரண்டாவது சாவு. பிணத்தை 'அடக்கம் பண்றது' என்றுதான் ஊரில் சொல்கிறோம். மூன்றாவது வேலையை அகராதிகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. 'கொஞ்சம் அடக்கிக்கோ, பஸ் நிக்கட்டும்' என்று குழந்தையிடம் தாய் சொல்கிறாளே, அது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும்வரை, பட்டறையில் ஷிப்ட் முடியும்வரை, கல்யாண மண்டபத்தில் இருட்டும்வரை அடக்கிக்கொள்வது. முதல் அடக்கத்துக்கு ஆயிரம் வருஷத்து உரைகள் இருக்கின்றன. மூன்றாவதற்கு உரையும் இல்லை, வரலாறும் இல்லை. இந்த மூன்றையும் ஒரே சொல்லால் சொல்கிற மொழியில், மூன்றாவதில் தோற்றுப்போகிறவள் தானாகவே முதலாவதிலும் தோற்றவள் ஆகிவிடுகிறாள். சேலை நனைந்த பெண் 'அடக்கம் இல்லாதவள்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மொழியே சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்திலும் கதை அப்படித்தான். 'கான்டினன்ஸ்' என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் தன்னைத் தான் பிடித்து வைத்திருத்தல் என்று பொருள். நெடுங்காலம் அது புலனடக்கத்தைக் குறித்தது. காந்தியின் ஆங்கில எழுத்துகளில் பிரம்மச்சரியத்துக்குப் பல இடங்களில் இதே சொல்தான் வருகிறது. இன்று சிறுநீரகவியல் துறையில் 'இன்கான்டினன்ஸ்' என்றால் சிறுநீரோ மலமோ தன் கட்டுப்பாடின்றி வெளியேறுவது. ஒழுக்கவியல் சொல் ஒன்று மருத்துவச் சொல்லாக மாறியிருக்கிறது. ஆனால் பழைய கறை போகவில்லை. கறை என்ற சொல்லை இந்த இடத்தில் யோசித்துத்தான் போடுகிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பெரியம்மா. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். 'எழுதிக்கோ, பேரு மட்டும் போட்றாத' என்றார். போடவில்லை.

2

விருத்தாசலம் என்றால் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு முதலில் புதுமைப்பித்தனின் இயற்பெயர் ஞாபகம் வரலாம். எனக்கு வருவது பீங்கான். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரை வடமொழியாக்கி விருத்தாசலம் என்றார்கள். விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் மலை. மணிமுத்தாற்றங்கரை, பழமலைநாதர் கோயில், மாசி மகம், ரயில் ஜங்ஷன். இவற்றோடு கூடவே ஊருக்கு வெளியே செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையம், வரிசையாகச் சிறு பட்டறைகள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெண்களிமண் பக்கத்திலேயே கிடைத்ததால் வந்த தொழில். மின்கம்பத்து இன்சுலேட்டர், ப்யூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை, ஜாடி. நம் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ப்யூஸ் கட்டை இந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் கைபட்டு வந்திருக்க நியாயமிருக்கிறது.

பெரியம்மா 22 வருஷம் அப்படி ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பிளாஸ்டர் அச்சிலிருந்து எடுத்த உருவின் ஓரங்களில் பிசிறு இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கிக் காயவைக்க வேண்டும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாள் முழுக்கத் தண்ணீரில் கை. பட்டறையில் ஆண்களுக்குச் சுவர் இருந்தது. பெண்களுக்கு, கொஞ்சம் தள்ளி வேலிக்கருவைப் புதர் இருந்தது, அதுவும் இருட்டின பிறகுதான். 'காலையில ஆறு மணிக்குப் போயிட்டு வந்தா, அப்புறம் ராத்திரி ஏழு மணிக்குத்தான். நடுவுல தண்ணியே குடிக்க மாட்டோம். குடிச்சாத்தானே வரும்' என்றார். இதைப் புகாராகச் சொல்லவில்லை. ஒரு தொழில்நுட்பத்தை விளக்குவதுபோலச் சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விருத்தாசலத்திலிருந்து சிறிது தூரத்தில்தான் வடலூர். வள்ளலார் 1867இல் தருமசாலையும் 1872இல் ஞானசபையும் நிறுவிய ஊர். அங்கே நெய்சர் என்ற பெயரில் கழிப்பறைப் பீங்கான் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலை வந்தது. வடக்கே ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியின் பாரிவேர். இந்தியாவின் நடுத்தர வர்க்க வீடுகளுக்கு வெள்ளைவெளேரென்ற கோப்பைகளை அனுப்பிய வட்டாரங்களில் இந்தப் பழைய ஆற்காட்டுச் சீமையும் ஒன்று. அதே வட்டாரத்தில், அதே மண்ணைப் பிசையும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. இதை முரண்நகை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் இது தற்செயல் இல்லை. கழிப்பறை என்ற பொருளும் கழிக்கும் உரிமையும் வேறு வேறு சந்தைகளில் விற்கப்படுகின்றன.

3

கழிவைப் பற்றித் தமிழில் எழுதப்படவே இல்லை என்று சொன்னால் அது பொய். எடுப்புக் கக்கூஸ், மலம் அள்ளும் சாதி, 1993ஆம் வருஷச் சட்டம், அது போதாமல் 2013இல் வந்த சட்டம் என்று தலித் எழுத்தும் இயக்கமும் அந்த வரலாற்றை நம் முகத்தில் எறிந்திருக்கின்றன. பெருமாள்முருகன் 'பீக்கதைகள்' என்றே ஒரு தொகுப்புக்குப் பெயர் வைத்தார். ஆனால் இந்த எழுத்துகளில் கழிவு என்பது உடலைவிட்டு வெளியே வந்துவிட்ட ஒன்று. அதை யார் தொடுவது, யார் சுமப்பது என்பதே கேள்வி. அது தலையாய கேள்விதான். நான் கேட்பது அதற்கு ஒரு படி முன்னால். வெளியே வரும் நேரத்தையும் இடத்தையும் தீர்மானிப்பது யார்? அந்தத் தீர்மானம் கைநழுவிப்போன உடல் எங்கே போய் ஒளிகிறது?

சித்த மருத்துவம் சிறுநீரைக் கண்டு முகம் சுளித்ததில்லை. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறிச் சோதனை தெரிந்ததே. காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், வளையமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம். சித்த மருத்துவப் பாடநூல்கள் சிறுநீர் நோய்களை 'நீரினை அருக்கல்', 'நீரினைப் பெருக்கல்' என்று இரண்டாகப் பிரிக்கின்றன. உடலின் 14 வேகங்களை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் என்கிறபோது அதில் சிறுநீரும் ஒன்று. ஆக, அறநூல் அடக்கு என்கிறது, மருத்துவநூல் அடக்காதே என்கிறது. இரண்டும் நம் மரபுதான்.

ஆனாலும் இந்த மருத்துவப் பிரதிகளில் நீர் குறைவதும் பெருகுவதும் தெரிகிற அளவுக்கு, நீர் சிந்துவது, அதாவது தும்மும்போது, குடம் தூக்கும்போது, படியிறங்கும்போது ஒரு பெண்ணுக்குச் சிந்துவது, துலக்கமாகத் தெரிவதில்லை. மருத்துவனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து சொன்னால்தானே அது நோயாகும். சொல்லாதது சுவடியில் ஏறாது. 'நீரிழிவு' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நீர் இழிதல், அதாவது இறங்குதல். ஆனால் அந்தப் பெயரைச் சர்க்கரை வியாதி எடுத்துக்கொண்டது. நீர்க்கடுப்புக்குச் சொல் உண்டு, நீரடைப்புக்கு உண்டு, கல்லடைப்புக்கு உண்டு. கசிவுக்குச் சொல் தேடினால் பெண்கள் தங்களுக்குள் பேசுவது மட்டுமே கிடைக்கிறது. 'நிக்க மாட்டேங்குது.' 'சொட்டுது.' 'தாங்கல.' எல்லாம் வினைமுற்று. பெயர்ச்சொல் இல்லை. பெயர் இல்லாத ஒன்றுக்காக ஆஸ்பத்திரியில் எந்தச் சீட்டு வாங்குவது?

4

இந்த உடல் மருத்துவ வரலாற்றுக்குள் நுழைந்த வாசல் அழகானது அல்ல.

எகிப்தில் பதினொன்றாம் அரச வம்சத்தைச் சேர்ந்த ஹென்ஹெனித் என்ற பெண்ணின் மம்மியை 1935இல் ஆராய்ந்தபோது, அவளுடைய சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஒரு கிழிசல் இருந்தது தெரிந்தது. பிரசவத்தில் குழந்தையின் தலை நெடுநேரம் சிக்கிக்கொண்டால் நடுவிலிருக்கும் சதை இரத்தமின்றிச் செத்து ஓட்டை விழும். அதன்பின் சிறுநீர் சேர்வதே இல்லை, ஒழுகிக்கொண்டே இருக்கும். ஃபிஸ்டுலா என்கிறார்கள். நாலாயிரம் வருஷமாக அதற்குச் சரியான சிகிச்சை கிடையாது.

அதற்கு அறுவைச் சிகிச்சை கண்டவர் என்று புகழப்பட்டவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜே. மரியன் சிம்ஸ். 1845 முதல் 1849 வரை மான்ட்கமரி ஊரில் அடிமைக் கறுப்பினப் பெண்கள்மீது திரும்பத் திரும்ப அறுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். மயக்க மருந்து கொடுக்கவில்லை. அந்தப் பெண்களில் மூன்று பேருடைய பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன: அனார்ச்சா, பெட்ஸி, லூசி. அனார்ச்சாவுக்கு ஏறக்குறைய முப்பது முறை அறுவை. கடைசியில் வெள்ளிக் கம்பித் தையல் பலித்தது. 1852இல் சிம்ஸ் கட்டுரை எழுதினார், பெண்நோய் மருத்துவத்தின் தந்தை ஆனார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். 2018 ஏப்ரலில் அந்தச் சிலையை அங்கிருந்து எடுத்தார்கள்.

இதைச் சொல்வது மேற்கத்திய மருத்துவத்தைத் தள்ளிவிட்டுத் திரும்பி நடப்பதற்காக அல்ல. ரெஜினால்ட், கேதரின் ஹேம்லின் தம்பதியர் 1974இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஃபிஸ்டுலாவுக்கென்றே மருத்துவமனை தொடங்கினார்கள். குடும்பமும் ஊரும் நாற்றம் என்று ஒதுக்கிவைத்த பெண்கள் அங்கே போய்க் குணமாகித் திரும்பினார்கள். அந்தக் குணமும் சிம்ஸ் தொடங்கிய வழியில் வந்ததுதான். ஒரே அறிவு. ஓரிடத்தில் அது அடிமையின் உடலைத் தின்று வளர்ந்தது, இன்னோரிடத்தில் ஒதுக்கப்பட்டவளை மீட்டது. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் வரலாறு எழுதியதாகாது.

5

இருபதாம் நூற்றாண்டில் அக்கறை ஓட்டையிலிருந்து தசைக்கும் நரம்புக்கும் நகர்ந்தது. அதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று பிரசவம், மற்றொன்று போர்.

1948இல் அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் அர்னால்ட் கீகல், இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியைப் பற்றி எழுதினார். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இருமும்போது கசிவதை அறுவையில்லாமலே சரிசெய்ய முடியும் என்பது அவர் வாதம். தசை எவ்வளவு இறுகுகிறது என்று அளக்க ஒரு கருவியும் செய்தார். நம் ஊரில் உடனே ஒருவர் எழுந்து 'இது நம்ம மூலபந்தம்தானே' என்பார். அசைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் யோக நூல்களின் மூலபந்தம் வீடுபேறு தேடிய ஆணை நோக்கிப் பேசியது. பிரசவித்த கூலிக்காரியை நோக்கி அதைப் பேசிய நூலை நான் கண்டதில்லை. முந்தி யார் கண்டுபிடித்தது என்ற சண்டையைவிட, யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்வி எனக்கு முக்கியம்.

போரின் வாசல் வேறு. முதல் உலகப்போரில் முதுகுத்தண்டு முறிந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துப்போனார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், நாஜிகளிடமிருந்து தப்பிவந்த யூத மருத்துவர், இந்த உடல்களுக்கு வாழ்க்கை உண்டு என்று வேலை தொடங்கினார். அவர் கவனித்தவற்றில் முதன்மையானது சிறுநீர்ப்பை. 1972இல் அமெரிக்காவில் ஜாக் லேப்பிடஸ், நோயாளி தானே சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயைச் செருகிச் சிறுநீரை வடித்துக்கொள்ளலாம், அறுவை அரங்கின் அளவுக்குக் கிருமிநீக்கம் வேண்டாம், சுத்தமே போதும் என்றார். பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் அது வழக்கம்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை வேலூரில் நடந்தது. மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மேரி வர்கீஸ் பற்றிய தன்னம்பிக்கைக் கதைகள் நிறைய உண்டு. முதுகுத்தண்டு முறிந்த ஒருவருக்குத் தன்னம்பிக்கை என்பது நாளின் இத்தனை மணிக்குச் சிறுநீர்ப்பையை எப்படிக் காலிசெய்வது என்ற ஏற்பாட்டில் தொடங்குகிறது என்று அந்தக் கதைகள் சொல்வதில்லை. எழுச்சிக் கதையாடலுக்குச் சிறுநீர் பொருந்தாது.

6

1970களில் பிரிட்டனில் இன்னொரு சிகிச்சை பரவியது. அதற்கு 'பிளாடர் டிரில்' என்று பெயர். கழிப்பறைக்கு ஓடும் இடைவெளியைக் கொஞ்சங்கொஞ்சமாக நீட்டுவது. ஒரு மணிக்கு ஒருமுறை போகிறவர் ஒன்றே கால், ஒன்றரை, இரண்டு என்று தள்ளிப்போட்டுப் பழகுவது. டிரில் என்றவுடன் நமக்குப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், விசில், வெயில். ஃபூக்கோ படித்தவன் எவனும் இந்தச் சொல்லை விட மாட்டான். நானும் விடவில்லை. சிறை, பள்ளி, படைமுகாம், தொழிற்சாலை என்று உடலை மணிக்கணக்கில் பழக்கிய ஒழுங்கு கடைசியில் மூத்திரப்பைக்குள்ளும் புகுந்துவிட்டது என்று ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்தும் வைத்திருந்தேன்.

அந்தக் குறிப்புகளில் அடுத்த அத்தியாயம் இன்னும் வசதியானது. 1998இல் டோல்டெரோடின் என்ற மருந்து அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதே வருஷங்களில் 'ஓவர்ஆக்டிவ் பிளாடர்' என்ற பெயர் பரவலாகியது. அதுவரை மருத்துவர்கள் 'நிலையற்ற தசை' என்றெல்லாம் கருவியால் அளந்து சொன்னதை, இந்தப் பெயர் அறிகுறிகளின் தொகுப்பாக மாற்றியது. 2002இல் இன்டர்நேஷனல் கான்டினன்ஸ் சொசைட்டி அதற்கு இலக்கணம் வகுத்தது: திடீரென்று தள்ளிப்போட முடியாத முட்டல், கசிவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், கூடவே பகலில் அடிக்கடி போவதும் இரவில் எழுவதும், தொற்று முதலிய வெளிப்படையான வேறு காரணம் இருக்கக் கூடாது. அளக்கத் தேவையில்லை, கேட்டாலே போதும். மருந்துக் கம்பெனிகள் நோயையே தயாரித்து விற்கின்றன என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அதில் நியாயமும் இருந்தது. கேள்விப் பட்டியலை நீட்டினால் நோயாளிகளின் எண்ணிக்கையும் நீளும்.

ஆக என் கட்டுரை தயார். அதிகாரம், ஒழுங்கு, உடல், சந்தை. தலைப்புக்கூட வைத்துவிட்டேன். அப்புறம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

7

மாசி மகத்துக்குக் கோயிலுக்கு அழைத்துப் போகலாம் என்று போனேன். 'நான் வரலப்பா, நீங்க போயிட்டு வாங்க' என்றார். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அதேதான். பெரியப்பா சாவுக்குப் பிறகு அப்படி ஆகிவிட்டார் என்று குடும்பத்தில் ஒரு கதை இருந்தது. அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, கட்டிலில் உட்கார்ந்தேன். பாய்க்கடியில் உரச் சாக்கு விரித்திருந்தது சரசரத்தது. எனக்குப் புரிந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

பிறகு சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இப்படி. பட்டறையில் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கினாலே முட்டிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து சாவியைப் பூட்டில் போடுகிறபோது போய்விடும். பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வார். பஸ்ஸில் உட்கார மாட்டார், நின்றுகொண்டே வருவார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருக்க மாட்டார். ஒருமுறை ஒரு தனியார் டாக்டரிடம் போனாராம். 'வயசாச்சுல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்' என்றாராம். பணம் இல்லாததால் பிழைத்தார். கர்ப்பப்பையை எடுப்பது இந்தக் கசிவுக்கு வைத்தியம் அல்ல. 'இதெல்லாம் ஒரு வியாதியா? பொம்பளைக்கு வயசானா வர்றதுதானே. யாருகிட்ட சொல்றது? நீ வேற ஆம்பளப் புள்ள' என்றார்.

'இது வியாதிதான் பெரியம்மா' என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அது மருந்துக் கம்பெனி புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் என்று எழுதத் தயாராக இருந்தவன் நான். ஆனால் அந்தப் பெயர் அவரிடம் போய்ச் செய்த வேலை வேறு. வியாதி என்றால் அது விதி இல்லை. வியாதி என்றால் அது வயது இல்லை, அடக்கமின்மை இல்லை, போன ஜென்மத்துப் பாவமும் இல்லை. வியாதி என்றால் சீட்டு வாங்கலாம்.

அரசு மருத்துவமனைக்குப் போனோம். இளம் பெண் மருத்துவர். முதலில் சர்க்கரை, தொற்று, சிறுநீரில் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். போன பிறகும் பையில் சிறுநீர் தங்கி நிற்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தார். இருமும்போது கசிகிறதா, முட்டிக்கொண்டு வந்து கசிகிறதா என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார். இரண்டும் உண்டு, ஆனால் முட்டல்தான் அதிகம். இந்தப் பிரிப்பு முக்கியம், வழிகள் வேறு வேறு. பிறகு மூன்று நாளைக்குக் கணக்கு எழுதிவரச் சொன்னார். பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது. இரண்டு டம்ளர் வைத்தார், ஒன்று பகலுக்கு, ஒன்று ராத்திரிக்கு. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டை. சேலை நனைந்தால் கூட ஒரு வேப்பங்கொட்டை. மூன்றாம் நாள் எண்ணினோம். பகலில் 14, ராத்திரியில் 5. எட்டுக்கு மேல் போனாலே அதிகம் என்பது பொதுவான கணக்கு.

சிகிச்சை படிப்படியாகத்தான் என்றார் மருத்துவர். முதல் படியில் மருந்தே இல்லை. டீ ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றது பெரியம்மாவுக்கு அதிர்ச்சி. குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை எரிச்சலூட்டும், முட்டல் கூடும். 22 வருஷம் அவர் கடைப்பிடித்த தொழில்நுட்பமே தலைகீழ். மலச்சிக்கலைச் சரிசெய்வது. இடுப்புத்தளப் பயிற்சி, ஒரு வேளைக்கு எட்டுச் சுருக்கமாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பலன் தெரியும் முன்னே விட்டுவிடுகிறவர்களே அதிகம் என்றார். கூடவே அந்த டிரில், கால் மணி, அரை மணி என்று தள்ளிப்போடுவது.

அதற்கு மேல்தான் மருந்து. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சாலிஃபெனசின் போன்றவை சிறுநீர்ப்பைத் தசையின் துடிப்பைத் தணிக்கும். வாய் வறளும், மலம் கட்டும், முதியவர்களுக்கு ஞாபகம் மங்கும் அபாயமும் உண்டு. பெரியம்மா இரண்டு வாரம் சாப்பிட்டார். 'நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிது' என்று நிறுத்தினார். அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் பெற்ற மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்கிறது. வாய் அவ்வளவு வறளாது, இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். இவையும் பலிக்காதவர்களுக்குச் சிறுநீர்ப்பைத் தசையில் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. சில மாதங்களுக்கொருமுறை திரும்பப் போட வேண்டும், சிலருக்குச் சிறுநீர் இறங்காமல் குழாய் வைத்துக்கொள்ள நேரும். கணுக்காலருகே நரம்பைத் தூண்டும் முறை, இடுப்பெலும்பருகே நரம்புக்குக் கருவி பொருத்தும் முறை எல்லாம் இருக்கின்றன, பெருநகரங்களில், பணம் இருப்பவர்களுக்கு. இருமினால் கசிகிற வகைக்கு 1990களின் நடுவில் சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் பரப்பிய நாடா அறுவை பலருக்குப் பலித்தது. ஆனால் அதே வலைப்பொருளைப் பிறப்புறுப்பு வழியாக உறுப்பு இறக்கத்துக்கும் வைத்ததில் பலருக்குத் தீராத வலி வந்தது. 2019இல் அமெரிக்கா அந்த உபயோகத்துக்கான விற்பனையை நிறுத்தியது. இங்கும் சிம்ஸின் நிழல்.

மூன்று மாதம் ஆகி ஒரு மாதம் கழித்துப் புளியங்கொட்டை பகலில் 9, ராத்திரியில் 2. வேப்பங்கொட்டை ஏறக்குறைய இல்லை. முழுக்கக் குணம் என்று சொல்ல மாட்டேன். உரச் சாக்கு இன்னும் இருக்கிறது, மடித்து அலமாரியில்.

8

அப்படியானால் ஃபூக்கோ தோற்றாரா? இல்லை. நான்தான் அவசரப்பட்டுப் படித்தேன். பட்டறையிலும் டிரில், ஆஸ்பத்திரியிலும் டிரில். இரண்டும் அடக்கச் சொல்கின்றன. முதலாவதில் இடைவெளியை முதலாளியின் சுவர் தீர்மானிக்கிறது. இரண்டாவதில் புளியங்கொட்டையை எண்ணி அவரே தீர்மானிக்கிறார். உடலின்மேல் ஒழுங்கு என்பது தன்னளவில் அடிமைத்தனமும் அல்ல, விடுதலையும் அல்ல. கடிகாரம் யார் கையில் என்பதே கேள்வி. இதைக் கண்டுகொள்ள எனக்குப் பாரிஸிலிருந்து வந்த புத்தகம் மட்டும் போதவில்லை.

ஆனால் இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை ஆஸ்பத்திரியின் விளம்பரமாகிவிடும். பெரியம்மாவின் சிறுநீர்ப்பைக்குப் பிரசவங்கள் காரணமா, பாரம் காரணமா, வயது காரணமா, பட்டறை காரணமா என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் கலந்ததுதான். ஆனால் பதின்மூன்று மணி நேரத் தாகத்துக்குக் காரணம் பிரித்துச் சொல்ல முடியும். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, மறைப்போடு, போதுமான கழிப்பிடம் வேண்டும் என்றது. ஆனால் மின்சாரம் உபயோகிக்கும் பட்டறை என்றால் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிற்சாலையாகத் தெரிந்தது. ஏட்டில் எட்டுப் பேர் இருந்த பட்டறை எதுவும் தொழிற்சாலை ஆகவில்லை. ஒன்பதாவது, பத்தாவது ஆள் எப்போதும் ஏட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், துணிக்கடைப் பெண்கள் இதே தாகத்தோடு இருந்தார்கள். விஜி என்ற தையல்காரர் முன்னின்று 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் திரட்டினார். அவர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று மூத்திரப்புரை. சிரித்தார்கள். சங்கங்கள்கூட இதெல்லாம் ஒரு கோரிக்கையா என்றன. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே கடைப் பெண்கள் உட்காரும் உரிமை 2018இல் கேரளத்தில் சட்டமானது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர் உட்கார இருக்கை கொடுக்கச் சட்டம் திருத்தியது. மும்பையில் 2011இல் பெண்கள் இலவசச் சிறுநீர்க் கழிப்பிடம் கேட்டு இயக்கம் நடத்தினார்கள். கூலி, போனஸ், எட்டு மணி நேர வேலை என்று பேசிய நம் தொழிலாளர் வரலாற்று நூல்களில் இந்தக் கோரிக்கைக்கு ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எட்டு மணி நேரம் என்பது எட்டு மணி நேர அடக்கமும்தான் என்பது ஆண்கள் எழுதிய வரலாற்றில் தெரிய வழியில்லை. அவர்களுக்குச் சுவர் இருந்தது.

இந்த வருஷம் மாசி மகத்துக்குப் பெரியம்மா வந்தார். தேரடியிலிருந்து கோயிலுக்குள் நடக்கும் வழியில் இரண்டு தடவை நின்று, கண்ணை மூடி, பல்லைக் கடிக்காமல் மூச்சைவிட்டு, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி ஐந்து முறை இறுக்கிவிட்டு நடந்தார். பக்கத்தில் வந்த பெண்மணி 'என்ன, சாமி கும்பிடுறீங்களா?' என்று கேட்டார். 'இல்லம்மா, முட்டுது, அடக்கிட்டு வரேன்' என்றார் பெரியம்மா, சத்தமாகவே. அந்தப் பெண்மணி கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, 'எந்த ஆஸ்பத்திரியில காட்டுனீங்க?' என்று கேட்டார்.